ஒரு மணி நேரம், ஏழு வருடம்: உங்கள் அப்பா ஏன் அழுதார்?

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். போன மாதம் குடும்பத்தோடு வீட்டில் உட்கார்ந்து ‘இன்டர்ஸ்டெல்லார்’ என்ற விண்வெளிப் படம் பார்த்தார்களாம். பதினைந்து வயது மகள் அதன் பிறகு ஐந்து தடவை பார்த்துவிட்டாள், வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆங்கிலப் படம் என்றால் எழுந்து போய்விடும் 78 வயது அப்பா, அந்த வீடியோ செய்திகள் வரும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். கணவரோ, “கருந்துளைக்குள் விழுந்தவன் எப்படிப் பிழைப்பான்? எல்லாம் அழவைக்கிற வித்தை” என்கிறாராம். இதில் அறிவியல் எவ்வளவு, வித்தை எவ்வளவு என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, உங்கள் அப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். அவரை அழவைத்த அந்தக் காட்சி, படத்திலேயே அறிவியல் மிகச் சுத்தமாக இருக்கும் இடம். அங்கே வில்லன் இல்லை, துரோகம் இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. காலம் ஓரிடத்தில் மெதுவாகவும் இன்னோரிடத்தில் வேகமாகவும் ஓடுகிறது. அந்த இயற்பியல் விதி ஒன்றுதான் அங்கே ஒரு தகப்பனையும் பிள்ளைகளையும் பிரிக்கிறது. அதனால்தான் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது அறிவியலைத் தனியாகவும் அழுகையைத் தனியாகவும் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

நான் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வருடக் கடைசியில் பாடம் முடிந்த பிறகு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது என் பழக்கம். 169 நிமிடம் என்பதால் இரண்டு நாளாகப் பிரித்துப் போடுவேன். முதல் நாள் விண்கலம், சனிக் கிரகம் என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே பார்ப்பார்கள். இரண்டாம் நாள் வகுப்பில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். பெரிய பையன்கள்தான் முதலில் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு வருடம் ஒரு மாணவி, படம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வெளியே போய் அவள் அப்பாவுக்கு போன் செய்துவிட்டு வந்தாள். அவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கனமான பொருளுக்கு அருகில் காலம் மெதுவாக ஓடும். 1915இல் ஐன்ஸ்டைன் முடித்துவைத்த பொதுச் சார்பியல் கோட்பாட்டிலிருந்து வருகிற முடிவு இது. இது கறுப்புப் பலகையோடு நின்றுவிட்ட கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2010இல் அமெரிக்காவில் இரண்டு அணுக் கடிகாரங்களை 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் வைத்து, மேலே இருந்தது கொஞ்சம் வேகமாக ஓடுவதை அளந்தே காட்டிவிட்டார்கள். உங்கள் போனில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் உங்கள் இருப்பிடம் பத்து கிலோமீட்டருக்கு மேல் தப்பிப் போகும்.

இன்னும் கிட்டத்தில் ஒரு கணக்கு. நீங்கள் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். நான் டர்பனில், கடலோரம். இதை வைத்துப் போட்டுப் பார்த்தால், ஒரு வருடத்தில் உங்கள் வீட்டுக் கடிகாரம் என் வீட்டுக் கடிகாரத்தைவிட சுமார் 6 மைக்ரோ விநாடி முன்னால் போயிருக்கும். ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் ஆறு துண்டு. சின்னதுதான், ஆனால் உண்மை. நம் இரண்டு ஊருக்கும் ஒரே காலம் இல்லை.

படம் இதே விதியை எடுத்துக்கொண்டு பெரிதாக்குகிறது. கூப்பர் என்ற விவசாயி, முன்னாள் விமானி, மனிதர்கள் குடியேற வேறு கிரகம் தேடி வீட்டை விட்டுக் கிளம்பும்போது பத்து வயது மகள் மர்ஃபிடம் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுக்கிறார். அதேபோல் ஒன்று அவர் கையிலும் இருக்கிறது. திரும்பி வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒருவேளை அப்போது நாம் இரண்டு பேரும் ஒரே வயதில் இருப்போம் என்கிறார். குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் குழந்தைக்கு விஷயம் புரிகிறது: அப்பா எப்போது வருவார் என்று அப்பாவுக்கே தெரியாது. அவள் கடிகாரத்தைத் தூக்கி எறிகிறாள். அவருக்கு விடைகொடுக்கவும் மறுக்கிறாள்.

பிறகு அந்தத் தண்ணீர்க் கிரகம். ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு உள்ள கர்கான்ச்சுவா என்ற கருந்துளைக்கு மிக அருகில் அது சுற்றுகிறது. அங்கே ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருடம். ஏழு வருடத்தை நாள்களாக்கி, ஒரு மணி நேரத்தின் 3,600 விநாடியில் பங்கு போட்டால், அங்கே ஏறத்தாழ 1.4 விநாடிக்குப் பூமியில் ஒரு நாள் கழிகிறது. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் வீட்டில் சில நாள்கள் போயிருக்கும். அலை வந்து எந்திரத்தில் தண்ணீர் புகுந்து, காய்வதற்காகக் காத்திருந்து, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிவிடுகிறது. தாய்க்கலத்துக்குத் திரும்பினால், அங்கே காத்திருந்த தோழர் ரோமிலி நரைத்த தாடியோடு நிற்கிறார். 23 வருடம், 4 மாதம், 8 நாள் ஆகியிருக்கிறது.

அப்புறம்தான் உங்கள் அப்பா அழுத காட்சி. அத்தனை வருடமும் பிள்ளைகள் அனுப்பிய செய்திகள் சேர்ந்து கிடக்கின்றன. பூமியிலிருந்து வருவதை வாங்க முடியும், பதில் அனுப்ப வழியில்லை. மகன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறான், கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, பிறகு தாத்தாவைப் புதைத்த செய்தி வருகிறது. நீங்கள் கேட்கிறீர்களா என்றே தெரியவில்லை, இனி விட்டுவிடுகிறேன் என்கிறான். கடைசியில் அதுவரை ஒரு வார்த்தை அனுப்பாத மகள் திரையில் வருகிறாள். இன்று என் பிறந்தநாள், நீங்கள் போனபோது உங்களுக்கு இருந்த வயது இன்று எனக்கு என்கிறாள். ஒரே வயதாவோம் என்ற விளையாட்டுப் பேச்சு இப்படி வந்து நிற்கிறது. கூப்பராக நடித்த மெக்கானகே அந்தக் காட்சியில் வசனம் எதுவும் பெரிதாகப் பேசுவதில்லை. பார்க்கிறார், அழுகிறார், அவ்வளவுதான். காட்சியின் கனமெல்லாம் 1.4 விநாடிக்கு ஒரு நாள் என்ற கணக்கில் முன்னாலேயே ஏற்றி வைக்கப்பட்டுவிட்டது.

உங்கள் கணவர் ‘வித்தை’ என்று சொன்னதற்கு இங்கே ஒரு பதில் உண்டு. ஒரு மணிக்கு ஏழு வருடம் என்ற கணக்கை இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன்தான் விடாப்பிடியாகக் கேட்டார். படத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் கிப் தோர்ன் முதலில் அது முடியாது என்றே நினைத்தார். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டு, கருந்துளை அதன் உச்ச வேகத்துக்கு மயிரிழை குறைவாகச் சுழன்றால் அத்தனை அருகில் ஒரு கிரகம் விழாமல் சுற்ற முடியும் என்று கண்டார். கதைக்கு வேண்டும் என்பதற்காக விதியை உடைக்காமல், விதிக்குள்ளேயே இடம் தேடியிருக்கிறார்கள். ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்ததற்காக அதே தோர்னுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருந்துளையின் உருவமும் கற்பனையாக வரைந்தது இல்லை. தோர்ன் கொடுத்த சமன்பாடுகளைக் கணினியில் ஏற்றி, ஒளி எப்படி வளையும் என்று கணக்கிட்டே அந்தப் படங்களை உருவாக்கினார்கள். சில படச்சட்டங்களுக்கு மட்டும் நூறு மணி நேரம் வரை கணினி ஓடியது. அந்த வேலை 2015இல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. ஓர் இடத்தில் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார்கள். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் ஒளி வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருவதால் பிரகாசமாகவும், மறுபக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று அதைச் சமமாக்கிவிட்டார்கள். 2019 ஏப்ரலில் எம்87 விண்மீன் மண்டலத்துக் கருந்துளையின் முதல் படம் வெளியானபோது, ஒரு பக்கம் பிரகாசமாகத்தான் இருந்தது. அன்று என் வகுப்பில் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

கருந்துளைக்குள் விழுந்தவன் பிழைப்பானா? சிறிய கருந்துளை என்றால் எல்லைக்கு வருவதற்கு முன்பே ஆளை நூலாக இழுத்துவிடும். கர்கான்ச்சுவாவின் எடை பத்து கோடிச் சூரியன்கள். அதன் எல்லை பூமி சூரியனைச் சுற்றும் பாதை அளவுக்குப் பெரியது. அவ்வளவு பெரியதில் தலைக்கும் காலுக்கும் இழுவிசை வித்தியாசம் குறைவு, எல்லையை உயிரோடு தாண்ட முடியும். அதற்கு அப்பால், உள்ளே விழுந்த கூப்பர் தன் மகளின் பழைய நாள்களைப் பார்க்கும் அந்த ஐந்து பரிமாணப் புத்தக அலமாரி இருக்கிறதே, அது முழுக்க ஊகம்தான். அங்கே உங்கள் கணவர் சொல்வது நியாயம். அன்பு காலத்தையும் வெளியையும் கடக்கும் விசை என்று ஒரு பாத்திரம் பேசும் வசனமும் எனக்குப் பிடிக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் நின்று, தன்னைப் போகவிடாதே என்று சின்ன மகளிடம் தகப்பன் கதறும் இடம் அதே விஷயத்தை ஒரு விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. விளக்கம் வந்தவுடன் பலம் குறைகிறது.

இசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோலன் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரிடம் என்ன படம் என்றே சொல்லாமல், ஒரு தகப்பனையும் பிள்ளையையும் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, அதற்கு இசை எழுதச் சொன்னார். சிம்மர் எழுதிக் காட்டிய பிறகுதான் இது விண்வெளிப் படம் என்றே சொன்னார். அந்தச் சின்ன மெட்டுதான் பிறகு லண்டன் டெம்பிள் தேவாலயத்துப் பெரிய ஆர்கனில் முழங்குகிறது. படப்பிடிப்பு நடந்த காலத்தில் வெளியே தெரியாமல் இருக்க வைத்திருந்த பெயர்கூட நோலன் மகளின் பெயரில்தான் இருந்தது, ‘ஃப்ளோராவின் கடிதம்’ என்று. ஆக, தகப்பனும் மகளும் முதலில் வந்தார்கள். கருந்துளை அவர்களைச் சுற்றிக் கட்டப்பட்டது.

இப்போது உங்கள் அப்பா. அவர் மனதில் யார் வந்தார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் பெரியவர்கள் பலர் இந்தப் படத்தில் எங்கே பிடிபடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், என் மாமனாரோடு உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அவர் டோங்காட்டில் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவர். படத்தின் தொடக்கத்தில் சோளக் காடும், வீட்டுக்குள் விழும் புழுதியும், தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பதும் வருமே, அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கரும்பை எரிக்கும் காலத்தில் கரிச் சாம்பல் பறந்து வந்து காயப்போட்ட துணியில் விழும், ஆயா கத்திக்கொண்டே ஓடிப் போய் எடுப்பார்கள் என்று சொன்னார். படத்தின் ஆரம்பத்தில் புழுதிக் காலத்தைப் பற்றிப் பேசும் வயதானவர்களில் பலர் நடிகர்கள் இல்லை. 1930களில் அமெரிக்கச் சமவெளியில் புழுதிப் புயலை அனுபவித்தவர்கள், ஓர் ஆவணப் படத்துக்காகச் சொன்ன சாட்சியம் அது. மாமனாருக்கு அது தெரியாது, ஆனாலும் “இவங்க நெசமாவே பாத்தவங்க” என்றார். முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

செய்திகள் காட்சி வந்தபோது அவர் அழவில்லை. முடிந்த பிறகு அவருடைய தாத்தாவைப் பற்றிப் பேசினார். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் ஐந்து வருடம். பத்து வருடம் முடித்தால் திரும்பிப் போக இலவசக் கப்பல். ஐந்து வருடம்தானே என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் பலர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். மாமனார் தன் தாத்தாவின் பதிவைத் தேடி எடுத்துப் பிரதி வைத்திருக்கிறார். வட ஆற்காடு ஜில்லா, இடது முழங்காலில் தழும்பு. ஊரில் அவர் விட்டுவிட்டு வந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர், கடிதம் போட ஆள் தேட வேண்டும், போட்டால் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. “அந்தப் பொண்ணுக்கும் ஒரு நா அவரு வயசு ஆயிருக்கும்ல” என்றார் மாமனார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காத்திருப்பவர்க்குக் காலம் நீளும் என்பது நம் மொழிக்குப் புதிதில்லை. “ஒருநாள் எழுநாள்போல் செல்லும்சேண் சென்றார் வருநாள்வைத்து ஏங்கு பவர்க்கு” என்கிறது குறள். தூரப் போனவர் வரும் நாளை எண்ணி ஏங்குகிறவர்களுக்கு ஒரு நாள் ஏழு நாளாகப் போகும். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். ஐன்ஸ்டைனுக்கு முன்பே வள்ளுவருக்குத் தெரியும் என்பார்கள். இல்லை, அது தற்செயல் என்று நான் திருத்திவிடுவேன். குறள் சொல்வது மனதின் கணக்கு, ஐன்ஸ்டைன் சொல்வது கடிகாரத்தின் கணக்கு. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. மனம் எப்போதும் சொல்லிவந்த அந்தக் கணக்கை இந்தப் படத்தில் கடிகாரமும் சொல்லத் தொடங்குகிறது. போனவருக்கு அது ஒரு மத்தியானம். இருந்தவளுக்கு முழு இளமை. பிரிந்து இருந்தவர்கள் மனதுக்குள் உணர்ந்ததை முதல் தடவையாக ஒரு திரையில் எண்ணாகப் பார்க்கிறார்கள். அதுதான் உங்கள் அப்பாவையும் உலுக்கியிருக்க வேண்டும்.

எனக்கும் அப்படித்தான். 1999இல் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தேன். போனில் அம்மா எப்போது வருவாய் என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் அடுத்த லீவுக்கு என்றேன். வேலை, கல்யாணம், வீடு, குழந்தை. முதல் தடவையாக ஊருக்குப் போனது 2006இல். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த கிழவியைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்து “அம்மா” என்று கூப்பிட்டேன். உட்கார்ந்திருந்தவர்தான் அம்மா. எனக்கு அந்த ஏழு வருடம் எப்படிப் போனது என்றே தெரியாது. 2014இல் டர்பனில் ஒரு தியேட்டரில் இந்தப் படத்தைப் பார்த்தபோது, ஒரு மணி நேரம் ஏழு வருடம் என்று அவர்கள் சொன்ன இடத்திலேயே என் கண் நிறைந்துவிட்டது. அழுகைக் காட்சி வருவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

லெனேசியாவில் உள்ள பெரியவர்கள் பலர் ஜோகன்னஸ்பர்க் நகரத்துப் பேஜ்வியூவில் பிறந்து, அங்கிருந்து அரசாங்கத்தால் பெயர்த்து அனுப்பப்பட்டவர்கள். இப்போது பலருடைய பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும். வீடியோவில் பேரன் வளர்வதைப் பார்க்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு இதில் எது பட்டது என்று அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தோண்ட வேண்டாம்.

மகள் ஐந்து தடவை பார்த்ததைப் பற்றிக் கவலையே வேண்டாம். என் மாணவர்களில் வானியல் பக்கம் போனவர்கள் எல்லாரும் இப்படி ஒரு படத்திலோ ஒரு தொலைநோக்கியிலோ மாட்டிக்கொண்டவர்கள்தான். அவளுக்குச் சொல்லுங்கள், கருந்துளையைத் தேடி அவள் வேறு மண்டலத்துக்குப் போக வேண்டாம். நம் பால்வீதியின் நடுவில் நாற்பது லட்சம் சூரியன் எடையில் ஒன்று இருக்கிறது, 27,000 ஒளியாண்டு தூரத்தில். அதன் படம் 2022 மே மாதம் வெளியானது. அதைச் சுற்றியுள்ள பகுதியை மிகத் தெளிவாகக் காட்டிய ரேடியோப் படங்களில் ஒன்று நம் கரூ வறண்ட நிலத்தில் உள்ள மீர்காட் ரேடியோத் தொலைநோக்கி எடுத்தது. 64 தட்டுகள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். 2018 ஜூலையில் திறப்பு விழா அன்றே அந்தப் படத்தை வெளியிட்டார்கள். கரூவிலேயே சதர்லாந்தில் பெரிய ஒளித் தொலைநோக்கி இருக்கிறது, அங்கே பார்வையாளர்களை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். ஒரு விடுமுறைக்கு அவளைக் கூட்டிப் போகலாம்.

அதற்கு முன்னால் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குப் பால்வீதியின் மையம் அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். நமக்கு அது கிட்டத்தட்டத் தலைக்கு மேலே வரும். ஆகஸ்ட் நடுவில், நிலா இல்லாத இரவு எட்டு மணி சுமாருக்கு, தெருவிளக்கு மறையும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். விருச்சிக ராசியில் தேளின் வளைந்த வால் நன்றாகத் தெரியும். அதை ஒட்டித் தனுசு ராசி. வாலின் நுனிக்கும் தனுசுவுக்கும் நடுவில் பால்வீதி தடித்துத் தெரியும் இடத்தில்தான் அது இருக்கிறது. கண்ணுக்குக் கருந்துளை தெரியாது, ஆனால் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று தெரியும். மகள் காட்டட்டும், தாத்தா பார்க்கட்டும். அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி போடுங்கள், கழுத்து வலிக்கும். உங்கள் ஊரில் ஆகஸ்ட் இரவு நல்ல குளிர், கம்பளியை மறக்க வேண்டாம்.